வீட்டுக் குப்பையில் சேரும் பிளாஸ்டிக் உறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் தினமும் வரும் பிளாஸ்டிக்கில் பெரும்பகுதியை நாம் கேட்டு வாங்குவதில்லை. வாங்கிய பொருளைச் சுற்றிக்கொண்டு வந்த பை, டப்பா, மூடி, உறை என்று அது தானாக வந்து சேர்கிறது. பொருளை எடுத்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அதை என்ன செய்வது என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகளையும் அதற்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். எதை எடுத்துக்கொள்வார்கள், எதை மறுப்பார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். அதை உங்கள் பகுதியில் குப்பை சேகரிப்பவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கின் குணம் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டால் என்ன? அங்கே போய் எப்படியும் பிரிக்கத்தானே போகிறார்கள்?

பிரிப்பார்கள். ஆனால் ஒருமுறை ஒன்றோடொன்று ஒட்டிக் கலந்துவிட்டதை யாராலும் பழையபடி பிரிக்க முடியாது. மீந்த உணவோடு கிடந்த காகிதம் ஊறிப்போகும். அந்தக் காகிதம் டப்பாவில் ஒட்டிக்கொள்ளும். டப்பாவுக்குள் குழம்பும் காபித்தூளும் போய் உட்கார்ந்துவிடும். காலையில் தனித்தனியாக விலை போகக்கூடியதாக இருந்த மூன்று பொருள்கள் மாலையில் ஒரே குப்பையாகிவிடுகின்றன.

ஒரு பிரிப்பு நிலையத்தில் ஓடும் பட்டையின் அருகில் ஒருமுறை அரைமணி நேரம் நின்று பார்த்தேன். கையுறை போட்ட ஒரு அம்மா வலது கையால் பாட்டில்களையும் இடது கையால் டப்பாக்களையும் எடுத்து இரண்டு தொட்டிகளில் போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு பொருளையும் பார்த்து முடிவெடுக்க அவருக்குக் கிடைத்தது ஓரிரு நொடிதான். முடிச்சுப் போட்டு, உள்ளே ஈரம் கசிந்த ஒரு பை வந்தது. அவர் அதைத் தொடவில்லை. பட்டையின் கடைசிவரை போய் அது கழிவுத் தொட்டியில் விழுந்தது. உள்ளே நான்கைந்து நல்ல பாட்டில்கள் இருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. வீட்டில் ஐந்து நொடியில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் ஒரு எண் இருக்கிறதே, அது மறுசுழற்சி செய்யலாம் என்பதற்கான முத்திரையா?

இல்லை. அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இது எந்த வகை பிளாஸ்டிக். அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் 1988ல் இந்த எண்களைக் கொண்டுவந்தது, பிரிப்பவர்களுக்கு வகை தெரிய வேண்டும் என்பதற்காக. ஆனால் எண்ணைச் சுற்றிப் போட்ட மூன்று அம்புகள், 1970ல் கேரி ஆண்டர்சன் என்ற மாணவர் மறுசுழற்சிக் காகிதத்துக்காக ஒரு போட்டியில் வரைந்த சின்னத்தைப் போலவே இருந்தன. பார்த்தவர்கள் எல்லோரும் "அப்படியானால் இது திரும்பப் பயன்படும்" என்று நம்பிவிட்டார்கள். இந்தக் குழப்பத்தைக் குறைக்க 2013ல் தர விதியைத் திருத்தி, அம்புகளுக்குப் பதில் வெறும் முக்கோணம் போதும் என்றார்கள். பழைய அச்சுகள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் அம்புகளும் தொடர்கின்றன.

எண்களை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1 என்றால் பெட்: தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில். 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலித்தீன்: ஷாம்பு, சலவைத் திரவம் வரும் ஒளி ஊடுருவாத பாட்டில்கள். 3 பி.வி.சி. 4 அடர்த்தி குறைந்த பாலித்தீன்: மெல்லிய பைகள், உறைகள். 5 பாலிபுரொப்பிலீன்: உணவு டப்பா, மூடிகள். 6 பாலிஸ்டைரீன்: தெர்மாகோல், மொடமொடவென்று உடையும் கோப்பைகள். 7 என்பது "மற்றவை எல்லாம்". 1, 2 இரண்டையும் பெரும்பாலான இடங்களில் எடுத்துக்கொள்வார்கள். 5ஐ எடுக்கும் இடங்கள் கூடிவருகின்றன. 3, 6, 7 மூன்றும் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

எண்ணே இல்லாவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் கண்ணும் காதும் கையுமே இதற்குப் போதும்.

பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். நட்டநடுவில் சின்னப் பொட்டு போல ஒரு புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் பெட். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் புகுந்த இடம் அது. புள்ளிக்குப் பதில் குறுக்கே ஒரு தையல்கோடு இருந்தால் அது பாலித்தீனாகவோ பி.வி.சி.யாகவோ இருக்கும். குழாயாக வந்த பிளாஸ்டிக்கை அச்சு கிள்ளி மூடிய தடம் அது. பாட்டில் கண்ணாடிபோல் தெளிவாக இருந்து, அடியில் கோடும் இருந்து, மடக்கினால் மடிந்த இடம் வெள்ளையாகிறது என்றால் பி.வி.சி. என்று சந்தேகப்படலாம். அதைப் பெட் பாட்டில்களோடு சேர்க்கவே கூடாது. பெட் உருகுவது சுமார் 250 டிகிரியில். அதற்கு முன்பே பி.வி.சி. சிதைந்து அமிலத்தைக் கக்கும். சிறிதளவு கலந்தாலும் போதும், ஒரு முழு உலையின் பெட் மஞ்சளாகி வீணாகும்.

மெல்லிய உறையைக் கசக்கிக் காதருகே வைத்துக் கேளுங்கள். சரசரவென்று சத்தம் போட்டால் பாலிபுரொப்பிலீன். சத்தமில்லாமல் மெத்தென்று மடிந்து, இழுத்தால் கிழியாமல் நீண்டுகொடுத்தால் பாலித்தீன்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. ஒரு சிறு துண்டை வெட்டிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு, ஒட்டிய காற்றுக் குமிழ்கள் போகும்படி விரலால் ஒருமுறை அமுக்கி விடுங்கள். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மேலே வந்து மிதக்கும். பெட், பி.வி.சி., பாலிஸ்டைரீன் அடியில் போய்க் கிடக்கும். தெர்மாகோல் மட்டும் விதிவிலக்கு, உள்ளே இருக்கும் காற்றால் அது மிதக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களையே செய்யச் சொல்லுங்கள்.

மூடியைக் கழற்றிப் போட வேண்டுமா?

முன்பு கழற்றச் சொன்னார்கள். இப்போது பெரும்பாலான இடங்களில் பாட்டிலை நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகியே போடச் சொல்கிறார்கள். காரணம் மேலே பார்த்த அதே மிதக்கும் குணம்தான். ஆலையில் பாட்டிலையும் மூடியையும் சேர்த்தே சில்லுகளாக அரைத்துத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். பெட் மூழ்கும், மூடிச் சில்லு மிதக்கும். இரண்டும் தனித்தனியே வந்துவிடும். தனியாகப் போட்ட மூடியோ சல்லடைத் துளை வழியே கீழே விழுந்து மண்ணோடு மண்ணாகப் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 3 முதல் பானப் பாட்டில்களின் மூடி பாட்டிலோடு இணைந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

அமுக்கித் திரவம் எடுக்கும் பம்ப் மூடிகள் மட்டும் வேறு. பலவற்றின் உள்ளே உலோகச் சுருள்வில் இருக்கும். அதைக் கழற்றிச் சாதாரணக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

எவ்வளவு சுத்தமாகக் கழுவ வேண்டும்?

பளபளக்க வேண்டியதில்லை. காலியாக இருக்க வேண்டும், உணவு ஒட்டியிருக்கக் கூடாது, காய்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கென்று புதுத் தண்ணீரையும் சோப்பையும் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாத்திரம் கழுவி முடித்த கடைசித் தண்ணீரில் ஒரு குலுக்குக் குலுக்கி, கவிழ்த்து வைத்தால் போதும். எண்ணெய் பாட்டிலைக் கழுவ முயன்றால் சிங்க்தான் பிசுக்காகும். அதை ஒரு இரவு முழுவதும் ஒரு சின்னக் கிண்ணத்தின் மேல் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். காலையில் ஒரு கரண்டி எண்ணெயும் கிடைக்கும், பாட்டிலும் காலியாகியிருக்கும்.

சிலர் "ஆலையில் கழுவத்தானே போகிறார்கள், நாம் ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று கேட்பார்கள். உண்மைதான், சில்லுகளாக அரைத்தபின் சுடுநீரிலும் காரத்திலும் கழுவுவார்கள். ஆனால் பாட்டில் உங்கள் வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதற்குள் உள்ளே இருக்கும் மிச்சம் அழுகும், பூசணம் பிடிக்கும், எலியும் ஈயும் வரும். அந்த மூட்டையைத் தூக்குவது, பிரிப்பது எல்லாம் வெறுங்கையோ மெல்லிய கையுறையோ போட்ட ஒரு மனிதர். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

உலர்ந்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈரம் பக்கத்தில் இருக்கும் காகிதத்தையும் அட்டையையும் கெடுக்கும். பிளாஸ்டிக்குக்கு ஆகும் சேதத்தைவிடக் காகிதத்துக்கு ஆகும் சேதம் பெரிது.

லேபிளைப் பிய்க்க வேண்டுமா?

சின்னக் காகித லேபிள் என்றால் விட்டுவிடுங்கள், கழுவும்போது போய்விடும். பாட்டில் முழுவதையும் சட்டைபோல மூடியிருக்கும் சுருங்கு உறையை மட்டும் கிழித்து எடுங்கள். பிரிப்பு இயந்திரம் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பி வரும் விதத்தை வைத்துத்தான் பிளாஸ்டிக்கின் வகையை அறிகிறது. மேலே வேறு வகை உறை இருந்தால் இயந்திரம் சட்டையைப் படித்துவிட்டு உள்ளே இருப்பதைத் தவறாக முடிவு செய்யும்.

கறுப்பு டப்பாக்களை ஏன் எடுக்க மறுக்கிறார்கள்?

அதே ஒளிதான் காரணம். கறுப்பு நிறத்துக்குக் கலக்கும் கரித்தூள் ஒளியை விழுங்கிவிடும். எதுவும் திரும்பி வராததால், இயந்திரத்தின் கண்ணுக்கு அந்தப் பட்டையில் ஒன்றுமே இல்லை. கையால் பிரிக்கும் இடங்களில் தப்பிக்கலாம். வாங்கும்போது ஒரே பொருள் கறுப்பு டப்பாவிலும் வெள்ளை டப்பாவிலும் இருந்தால் வெள்ளையை எடுங்கள். நிறமில்லாத பிளாஸ்டிக்கை வேறு எந்த நிறமாகவும் மாற்றலாம் என்பதால் அதற்குத்தான் நல்ல மதிப்பு.

உள்ளே வெள்ளிபோல் பளபளக்கும் நொறுக்குத்தீனி உறைகள்?

ஒன்றை எடுத்துக் கையில் இறுக்கிக் கசக்கி, பிறகு விரலைத் திறந்து பாருங்கள். அலுமினியத் தாளாக இருந்தால் உருண்டையாகவே கிடக்கும். இந்த உறையோ மெல்லச் சுருள் பிரிந்து, கிட்டத்தட்ட பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். பிளாஸ்டிக் படலத்தின்மேல் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய உலோகப் பூச்சு பூசியிருக்கிறார்கள், அதற்கு மேல் அச்சு, அதற்கு மேல் இன்னொரு படலம். காற்றும் ஈரமும் நுழையாமல் காக்கும் அதே அடுக்குகள்தான் பிரிக்க முடியாமலும் செய்கின்றன. ஒருமுறை பயன்படுத்தும் ஷாம்பு பொட்டலங்களும் இந்த வகைதான்.

இவற்றைத் தனியாகச் சேகரிக்கும் இடங்களில் பெரும்பாலும் சிமெண்ட் உலைக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். அது மறுசுழற்சி அல்ல, எரிப்பதுதான். கண்ட இடத்தில் கிடப்பதைவிட மேல் என்ற அளவில் சரி. இந்த வகையில் பிரிப்பதால் கிடைக்கும் பயனைவிட, பத்துச் சிறு பொட்டலத்துக்குப் பதில் ஒரு பெரிய பாட்டில் வாங்குவதால் கிடைக்கும் பயன் அதிகம்.

மெல்லிய பைகளையும் கவர்களையும் பாட்டில்களோடு போடலாமா?

கூடாது. இயந்திரத்தால் பிரிக்கும் நிலையங்களில் சுழலும் தண்டுகள் வரிசையாக இருக்கும். மெல்லிய பை அதில் தலைமுடிபோல் சுற்றிக்கொள்ளும். நாளுக்குச் சில முறை இயந்திரத்தை நிறுத்தி, ஆட்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்கிறார்கள். ஆபத்தான வேலை அது.

பைகளை உலர்த்தி, ஒரே பைக்குள் திணித்துச் சேர்த்து, மெல்லிய பிளாஸ்டிக்கைத் தனியாக வாங்கும் இடத்தில் கொடுங்கள். சுத்தமான பாலித்தீன் உறை நல்ல சரக்கு. அதிலிருந்து மறுபடி பைகளும் குழாய்களும் செய்கிறார்கள். பாக்கெட்டைத் திறக்கும்போது ஒரு விஷயம்: மூலையை முழுவதுமாக வெட்டி எறியாமல், ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். விரல்நுனி அளவு துண்டுகளை யாராலும் பொறுக்க முடியாது. அவை சாக்கடைக்கும் அங்கிருந்து கடலுக்கும் போகின்றன.

தெர்மாகோல்?

அதில் சுமார் 98 சதவீதம் காற்று. ஒரு வண்டி நிறைய ஏற்றினாலும் எடை தேறாது, அதனால் யாரும் ஏற்றுவதில்லை. அழுத்திக் கட்டியாக்கும் இயந்திரம் உள்ள இடங்கள் மட்டும் வாங்கும். அதுவரை, உடைக்காமல் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள். உடைத்தால் பறக்கும் உருண்டைகளைப் பொறுக்கி முடியாது.

"மக்கும் பிளாஸ்டிக்" என்று அச்சிட்ட பையை மக்கும் குப்பையில் போடலாமா?

அவசரப்பட வேண்டாம். அந்தச் சொல்லின்கீழ் இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன. ஒன்று, மாவுச்சத்து போன்றவற்றிலிருந்து செய்து, உரமாக்கும் ஆலையில் மக்குவதாகச் சோதித்துச் சான்று பெற்றது. ஐரோப்பியத் தர விதிப்படி ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும். ஆனால் அந்தச் சோதனை நடப்பது சுமார் 58 டிகிரி வெப்பத்தில். வீட்டுத் தோட்டத்துத் தொட்டியில் அந்தச் சூடு நீடிக்காது. அதனால் ஒரு வருடம் கழித்துத் தோண்டினாலும் பை பையாகவே இருக்கக்கூடும்.

இன்னொன்று, சாதாரணப் பிளாஸ்டிக்கில் ஒரு ரசாயனத்தைக் கலந்து, வெயிலிலும் காற்றிலும் சீக்கிரம் நொறுங்கும்படி செய்தது. நொறுங்குவது வேறு, மக்குவது வேறு. கண்ணுக்குத் தெரியாத துகள்களாக அது அங்கேயேதான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் இந்த வகையைத் தடை செய்தது.

இரண்டையுமே சாதாரணப் பிளாஸ்டிக்கோடு மறுசுழற்சிக்குப் போடாதீர்கள். முதல் வகையில் செய்த பாட்டில் பார்க்கப் பெட் போலவே இருக்கும், உலையில் அதைக் கெடுக்கும்.

இவ்வளவு தொல்லைக்கு வீட்டு வாசலில் எரித்துவிட்டால் என்ன?

தயவுசெய்து செய்யாதீர்கள். திறந்தவெளியில் எரியும் தீக்குச் சூடு போதாது. பிளாஸ்டிக் முழுமையாக எரியாமல் கரிப்புகையாக மாறும். பி.வி.சி. கலந்திருந்தால் டையாக்சின் என்ற நச்சும் உண்டாகும். அது புகையோடு மறைந்துவிடாது. மண்ணில் இறங்கி, மேயும் ஆடுமாடுகள், கோழிகளின் கொழுப்பில் சேர்ந்து, பாலாகவும் முட்டையாகவும் நம் வீட்டுக்கே திரும்பி வரும். அந்தப் புகையை முதலில் மூச்சிழுப்பது பக்கத்தில் நிற்கும் குழந்தைதான்.

கொடுத்த பாட்டில் அப்புறம் என்ன ஆகிறது? எத்தனை முறை திரும்பி வரும்?

அரைத்து, கழுவி, உலர்த்தி, உருக்கிக் குருணையாக்குவார்கள். பெட் குருணை பெரும்பாலும் பாலியஸ்டர் நூலாகிறது. நீங்கள் போட்டிருக்கும் சட்டையிலோ தலையணைப் பஞ்சிலோ பழைய பாட்டில் இருக்கலாம். நன்கு சுத்தமானது மட்டும் மறுபடி பாட்டிலாகும். பாலித்தீன் குழாய், வாளி, கூடையாக மாறும்.

ஆனால் இது முடிவில்லாத சுழற்சி அல்ல. ஒவ்வொரு முறை உருக்கும்போதும் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகள் கொஞ்சம் அறுகின்றன. ஈரத்தோடு உருக்கினால் பெட் இன்னும் வேகமாக அறுகும். அதனால் புதுப் பிளாஸ்டிக்கைக் கலந்து சரிக்கட்டுவார்கள், இல்லையென்றால் தரம் குறைந்த பொருளாக மாற்றுவார்கள். சட்டையாகிவிட்ட பாட்டில் மறுபடி பாட்டிலாவது அபூர்வம்.

உண்மையைச் சொல்லுங்கள், எதாவது மறுசுழற்சி ஆகிறதா?

2017ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 2015 வரை உலகம் உண்டாக்கிய எல்லாப் பிளாஸ்டிக் கழிவையும் கணக்குப் போட்டது. மொத்தம் சுமார் 630 கோடி டன். அதில் 9 சதவீதம்தான் மறுசுழற்சி ஆனது. 12 சதவீதம் எரிக்கப்பட்டது. மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலும் மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. அந்த 9 சதவீதத்திலும் ஒருமுறைக்கு மேல் மறுசுழற்சி ஆனது பத்தில் ஒரு பங்குதான். பல நாடுகள் பல ஆண்டுகளாகத் தங்கள் பிளாஸ்டிக் கழிவைச் சீனாவுக்குக் கப்பலேற்றி, அதையும் மறுசுழற்சிக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தன. 2018 தொடக்கத்தில் சீனா கதவை மூடியதும் அந்த மூட்டைகள் மற்ற நாடுகளுக்குப் போய்த் தேங்கின. அதற்கப்புறம்தான் அழுக்கான, கலப்படமான பிளாஸ்டிக் கழிவைப் பெறும் நாட்டின் சம்மதமில்லாமல் அனுப்பக் கூடாது என்று, ஆபத்தான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தம் திருத்தப்பட்டு, 2021ல் நடைமுறைக்கு வந்தது.

இந்த எண்களைப் படித்துவிட்டு "அப்படியானால் பிரித்து என்ன பயன்" என்று கைவிட்டவர்கள் எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் சொல்வது இதுதான். அந்த 9 சதவீதம் எல்லா உறைக்கும் சமமாக விழுந்த எண் அல்ல. சுத்தமாக, தனியாக வந்த பெட் பாட்டிலுக்கும் பாலித்தீன் பாட்டிலுக்கும் வாங்க ஆள் உண்டு. அழுக்கான கலப்பு உறைக்கு இல்லை. உங்கள் வீட்டுப் பாட்டில் எந்தப் பக்கம் போகும் என்பதில் பாதி உங்கள் சமையலறையில் முடிவாகிறது. மீதிப் பாதி உறையை வடிவமைக்கும் நிறுவனங்களின் கையிலும் சேகரிக்கும் ஏற்பாட்டிலும் இருக்கிறது, அதை அவர்களிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஜெர்மனி 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பானப் பாட்டிலுக்கும் முன்பணம் வாங்கி, திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தருகிறது. அங்கே அந்தப் பாட்டில்கள் கிட்டத்தட்ட எல்லாமே திரும்பி வருகின்றன.

பிளாஸ்டிக்கோடு சேரவே கூடாதவை எவை?

பேட்டரி முதலிடம். பொம்மைக்குள்ளோ மின்சார பல்துலக்கிக்குள்ளோ இருக்கும் லித்தியம் பேட்டரி, மூட்டை அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கித் தீப்பிடிக்கும். அப்புறம் ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடி: பிரிப்பவரின் விரலை நினைத்துக்கொள்ளுங்கள். பூச்சிமருந்து, பெயிண்ட் இருந்த டப்பாக்களைக் கழுவினாலும் சேர்க்காதீர்கள், ஆபத்தான கழிவுக்கென்று உள்ள இடத்தில் கொடுங்கள்.

எங்கள் வீடு சின்னது. இத்தனை வகைக்கு இத்தனை தொட்டி எங்கே வைப்பது?

வேண்டாமே. எட்டுத் தொட்டி வைத்தவர்கள் எட்டாம் நாள் விட்டுவிடுவார்கள். கெட்டியான பிளாஸ்டிக்குக்கு ஒரு பை, மெல்லியதற்கு ஒரு பை, போதும். இரண்டையும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுங்கள். பாட்டிலைக் காலால் மிதித்துத் தட்டையாக்கி மூடியைத் திருகினால் கால்வாசி இடம்தான் பிடிக்கும். மெல்லிய உறைகளை அமுக்கி அமுக்கித் திணித்தால் ஒரு பை நிறைய இரண்டு மூன்று வாரமாகும். காய்ந்துதான் உள்ளே போகிறது என்றால் நாற்றமே வராது. நாற்றம் வந்தால் எதோ ஒன்று ஈரத்தோடு போயிருக்கிறது, பையைக் கொட்டிப் பார்த்து அந்த ஒன்றை எடுத்துவிடுங்கள்.